மாலை போட்ட நாற்காலி

என் அப்பா அம்மா கல்யாணத்தில் எடுத்த போட்டோக்களில் உருப்படியானது ஒன்றுதான். தாலி கட்டும்போது எடுத்ததில் ஒரே ஹோமப் புகை. யார் யாருக்குத் தாலி கட்டுகிறார்கள் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. உருப்படியான அந்த ஒன்று, அன்று சாயங்காலம் வரவேற்பில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படம். முதுகு உயர்ந்த இரண்டு பெரிய நாற்காலிகள். ஒன்றில் அம்மா, பத்தொன்பது வயது, தலை நிறையப் பூ, மூக்கு நுனியில் கோபம். இன்னொன்றில் ஒரு ரோஜா மாலை. மாலை மட்டும்தான். அப்பா இல்லை.

அப்பா அந்த நேரத்தில் ஊருக்குள் இருந்த கிரவுண்டில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்.

பூப்பந்து என்றால் இன்றைய பிள்ளைகள் இறகுப்பந்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து, பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். வெட்டவெளியில் மண் தரையில் வலை கட்டி, பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று மட்டையால் அடிப்பார்கள். எங்கள் திருவண்ணாமலையில் அப்போது ஆபீசுக்கு ஆபீஸ் ஒரு டீம் இருந்தது. அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். இடது கைக்காரர். பின்வரிசையில் இடது மூலை அவருடையது. அந்த மூலைக்குப் போன பந்து திரும்பி வராமல் இருந்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கல்யாணத்தன்றுதான் செமி ஃபைனல். ஐந்து பேரில் ஒருவர் குறைந்தாலும் டீமையே ஆட விடமாட்டார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, சைக்கிள் கடை பாய் சத்திரத்து வாசலில் வந்து நின்றதைப் பார்த்தார். பாய் அவருடைய டீமில் சென்டர். அதற்கு மேல் அப்பாவால் உட்கார முடியவில்லை. அம்மாவிடம் அவர் முதன்முதலாகப் பேசிய வார்த்தையே, "ஒரு அரை மணி நேரம், வந்துட்றேன்" என்பதுதான். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி.

போட்டோகிராபருக்கு ஆரணியில் இன்னொரு கல்யாணம். பஸ் போய்விடும். கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கிறவங்கள எடுத்துட்றேன்" என்றார். எடுத்துவிட்டார்.

அப்பா ஒரு மணி நேரம் கழித்துத் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். ஜெயித்துவிட்டார்களாம். அம்மாவிடம் அதையும் சொன்னாராம். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. எண்பத்தாறு வயது, நிறைந்த வாழ்க்கை. அழுது முடித்துவிட்டோம். இப்போது அவரைப் பற்றி உட்கார்ந்து பேசினால் சிரிப்புதான் வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். முப்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைகளை மிரட்டிப் பழக்கப்பட்டவள். அப்பாவையும் மிரட்டத்தான் பார்த்தேன். அந்தக் கதையும் இதில் வரும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுப் பைத்தியம் என்றால் வீட்டைக் கவனிக்காதவர் என்று நினைப்பீர்கள். அப்பா அப்படி இல்லை. ஆபீஸ் விட்டால் கிரவுண்டு, கிரவுண்டு விட்டால் காய்கறிக் கடை, அதை விட்டால் வீடு. ஏழு மணிக்குக் காக்கி அரை டிராயரோடு அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டது முக்கால்வாசி நாள் அவர்தான். மட்டைக்கு நரம்பு கட்டுகிற கை அது. அவர் பின்னினால் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். சாயங்காலம் வரை நான் ஆச்சரியப்பட்ட முகத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன்.

என் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். கடைசியில் வருகிறவர்தான் ஜெயித்தவர். அப்பா ஓரத்தில் நின்றுகொண்டு, "மெதுவா, இன்னும் மெதுவா, பெல்ல அடிக்காத" என்று கத்தினார். நான் கீழே விழுந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "விழுந்தாகூட நீதான் கடைசி" என்று சமாதானம் சொன்னார்.

நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. நாற்பது நாள் படுக்கை. அந்த நாற்பது நாளும் மட்டை ஆணியில் தொங்கியது. பாய் ஒருநாள் வாசலில் வந்து, "ஃபைனலுக்கு ஒரு ஆள் கம்மிணா" என்றார்.

"ஒங்க அண்ணி எழுந்து வந்து தோசை திருப்பட்டும். அன்னைக்கு வர்றேன்" என்றார் அப்பா.

பாய் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. அந்த வருஷக் கோப்பை வாத்தியார்கள் டீமுக்குப் போயிற்று. அதைப் பற்றி அப்பா ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆக, அவர் ஓடிப்போகிற ஆள் இல்லை. அலங்காரம் செய்த நாற்காலியில் அவரால் உட்கார முடியாது, அவ்வளவுதான். மாலை போட்டு, நாலு பேர் பார்க்க, கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி இருக்கச் சொன்னால் அவருக்குக் கால் நமநமவென்று ஆகிவிடும். அம்மாவுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், மாலையும் கழுத்துமாக, இரண்டு பேரும் இருக்கிற ஒரு போட்டோ. சண்டை எதில் ஆரம்பித்தாலும் இந்தப் படத்தில்தான் வந்து நிற்கும். "எனக்கும் ஒரு நாற்காலிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சாங்க" என்பாள். "அந்த நாற்காலியாவது சொன்ன பேச்சு கேட்டு உக்காந்திருந்துச்சு."

துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் மட்டும் அப்பாவை விட்டு ஒருநாளும் போகவில்லை. பஸ்ஸானாலும் சினிமாவானாலும் கல்யாணப் பந்தியானாலும் அவர் முன்னால் ஓடிப்போய் அம்மாவுக்காகத் துண்டு போட்டுவிடுவார். பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனால் அவர் நடை வேறு, அம்மா நடை வேறு. அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு பந்தயத்துக்குப் போவதுபோல் போவார். ஆனால் அடி அண்ணாமலை வந்ததும் நின்றுவிடுவார். அங்கே ஒரு டீக்கடை. பௌர்ணமி அன்று அந்தக் கடை பெஞ்சில் இடம் கிடைப்பதைவிடக் கோயிலில் சாமி பார்ப்பது சுலபம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் துண்டைப் போட்டு வைத்திருப்பார். கூட்டம் முறைக்கும். "வூட்ல வர்றாங்க, பின்னாடி வர்றாங்க" என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா ஆடி அசைந்து வந்து சேர்ந்ததும் துண்டை எடுத்து உதறி, உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுப்பார். அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேதான் அவரைத் திட்டுவாள். "அப்டி என்னா ஓட்டம். சாமி என்ன எழுந்து போயிடப்போறாரா."

பக்தி விஷயத்தில் அப்பாவை ஊரே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது. கார்த்திகை தீபம் மலை உச்சியில் பதினோரு நாள் எரியும். முதல் நாள் ஏற்றியதும் ஊரே கை கூப்பும். அதற்கப்புறம் ஜனம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். அப்பா மட்டும் பதினோரு நாளும் சாயங்காலம் மாடியில் ஏறி நின்று தீபத்தை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். எதிர்வீட்டு அம்மா தன் வீட்டுக்காரரிடம், "அந்த மனுஷனப் பாருங்க, என்னா பக்தி" என்று இடித்துக்காட்டுவாளாம். விஷயம் என்னவென்றால், கம்பளிப் பந்துக்குக் காற்றுதான் எமன். சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், கிரவுண்டில் எந்தப் பக்கம் நின்று ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று தெரிந்துவிடும். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "இன்னைக்கு எப்டி?"

"தெக்கால சாயுது."

"அப்போ வாடக்காத்து. ஒரு சுவெட்டர் போட்டுக்குங்க."

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஒரு மாதம் கிரவுண்டுக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். மௌன விரதமாம். கையைக் காட்டி மட்டை வாங்கி, சிரித்துக்கொண்டே ஆடி, கும்பிட்டுவிட்டுப் போவார். எத்தனையோ பேரோடு ஆடியிருந்த அப்பா, தனக்குக் கிடைத்ததிலேயே நல்ல ஆட்டக்காரர் அவர்தான் என்றார். அவருக்குப் பந்தே சரியாக அடிக்கத் தெரியாதே என்று நான் கேட்டதற்கு, "அம்பயர் கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல பாரு" என்றார்.

அறுபதாம் கல்யாணம் வந்தது. அதற்குள் அப்பா கலெக்டர் ஆபீசுக்கு மாற்றலாகி, ரிட்டையரும் ஆகி, வேங்கிக்காலில் வீடு கட்டியிருந்தார். இந்தத் தடவையாவது என்று அம்மா ஆசையாக இருந்தாள். கலசத் தண்ணீரை இருவர் தலையிலும் ஊற்றினார்கள். அப்பாவின் வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டியதும், உள்ளே போட்டிருந்த அரை டிராயர் பளிச்சென்று தெரிந்தது. உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஃபைனலுக்கு வர முடியாது என்று அம்பயர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். அப்பாதான் விசில் பிடிக்க வேண்டுமாம். போட்டோவுக்குக் குடும்பம் மொத்தமும் வரிசையில் நின்றபோது அவருடைய நாற்காலியில் மாலை மட்டும் இருந்தது. இந்தத் தடவை கலரில். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு அப்பா மேல் நிஜமான கோபம் வந்தது. அம்மா அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் சிரிக்க முயற்சி செய்ததை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம், "ஒங்களுக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்குதா" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "காத்து எப்டி" என்று கேட்டதும்தான் வீடு பழையபடி ஆயிற்று.

இருபது வருஷம் ஓடியது. ஆயிரம் பிறை கண்டவர்களுக்குச் செய்கிற எண்பதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்தோம். என்ன வேண்டும் என்று நானும் என் தம்பியும் அம்மாவைக் கேட்டோம்.

"நகை வேணாம், பொடவை வேணாம்" என்றாள். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஒரு போட்டோ. நீங்க ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. போட்டோக்காரன் போதும்னு சொல்ற வரைக்கும் நீங்க எழுந்திருக்கக் கூடாது. இதுக்கு அப்பறம் நமக்கு கல்யாணம் கெடையாது."

"சரி" என்றார் அப்பா.

"சாமி மேல சத்தியமா?"

"அம்பயர் மேல சத்தியமா."

அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். அவருக்கு எந்தச் சத்தியம் பெரிது என்று அவளுக்குத் தெரியாதா.

விசேஷத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அப்பாவின் பஞ்சாங்கத்துக்குள் நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்று எனக்குக் கிடைத்தது. அப்பாவும் பாயும் சேர்ந்து ஆரம்பித்து வைத்த பூப்பந்துப் போட்டியின் நோட்டீஸ். உயிரோடு இருக்கிற ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர்தான் வருஷா வருஷம் முதல் பந்தை அடித்துத் தொடங்கி வைப்பார். அந்த வருஷம்தான் அப்பாவின் முறை வந்திருந்தது. காலை பத்தரை மணி. தேதியைப் பார்த்தேன். அதே நாள்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. மறைத்து வைத்திருக்கிறார் என்றால் ஓடத் திட்டம் போட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம். நோட்டீசை நேராக அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, "பாத்தியா ஒன் வூட்டுக்காரர் வேலைய" என்றேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள். "பத்தரைக்கா" என்று மட்டும் கேட்டாள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் மனசு உடைந்துவிட்டது, அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் ஜெயில் வார்டன்கூடக் கற்றுக்கொள்வார். மட்டையை எடுத்து என் வீட்டு பீரோவில் பூட்டினேன். கேன்வாஸ் ஷூவை மேலே அட்டத்தில் ஏற்றிப் போட்டேன். அரை டிராயர் ஆறையும் துவைக்கப் போட்டேன். செங்கம் ரோட்டில் நாங்கள் பிடித்திருந்த மண்டபத்துக்கு இரண்டு வாசல். முன்வாசலில் நான் நிற்பது என்றும், பின்வாசலில் தம்பி நிற்பது என்றும் முடிவாயிற்று. "அப்பாவ எக்காரணம் கொண்டும் வெளிய வுடாத" என்று தம்பிக்கு மூன்று தடவை சொன்னேன். அவனுக்கு ஐம்பது வயது. ஒரு ஆபீசையே நடத்துகிறவன். என்னிடம் மட்டும் இன்னும் சரிக்கா, சரிக்கா என்பான்.

அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. கலசத் தண்ணீர் ஊற்றும்போது நான் பக்கத்தில் போய் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிராயர் இல்லை. அப்பா மறுபடியும் தாலி கட்டினார். ஈரத்துணி மாற்றிக்கொண்டு வரப் போனார்கள். அப்பா முதலில் வந்தார். பட்டு வேட்டி, மாலை, நெற்றி நிறைய விபூதி. தானாகவே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, என்னைப் பற்றி.

பக்கத்து நாற்காலியில் அம்மாவின் மாலை இருந்தது. அம்மா இல்லை.

பொடவை கட்ட நேரமாகிறது போல என்று ஐந்து நிமிஷம் விட்டேன். பத்து நிமிஷம் விட்டேன். போய்ப் பார்த்தால் ரூம் காலி. பாத்ரூமில் இல்லை, சமையல்கட்டில் இல்லை. எழுபத்தி மூன்று வயசு, காலையிலிருந்து ஒரு வாய் காபிதான். பின்வாசலுக்கு ஓடினேன். தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தான்.

"அம்மா எங்கடா?"

"போய்ட்டாங்களே. பாய் ஆட்டோ கொண்டாந்தாரு. கிரவுண்டுக்கு."

"நீ எதுக்குடா வுட்ட?"

"நீ அப்பாவத்தான வுடாதன்னு சொன்ன" என்றான்.

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் அந்த நோட்டீஸ் வந்த அன்றே பாயிடம், "வார்த்தை குடுத்துட்டேன், இந்த வருஷம் வேற ஆளப் பாருப்பா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தூக்கிப் போட மனசில்லாமல்தான் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். நான் போட்ட காவல் எல்லாம் தண்டம். அதை அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். "என்னா மாமா, அத்தை எங்க?" என்று கேட்டார்கள். "வருவா, வந்துடுவா" என்றார். இன்னொருவர் கேட்டார். அதையே சொன்னார். போட்டோகிராபர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாட்சைப் பார்த்தார். ஒரு பெரியம்மா, "என்னாடி இது, பாக்கவே நல்லால்ல, மாலைய எடுங்க" என்றாள். நான் எடுக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார். மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததைச் சரியாக இழுத்து வைத்தார்.

இருபது நிமிஷம் போயிருக்கும். "இப்டிதான் இருந்துச்சா அவளுக்கு?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருபது வருஷக் கோபம் விடவில்லை. "இதவிட மோசமா இருந்திருக்கும். அப்ப அவங்களுக்குப் பத்தொம்போது வயசு" என்றேன்.

"அஞ்சு பேருல ஒருத்தன் இல்லன்னா ஆட்டமே கெடையாதும்மா. நாலு பேர ஏமாத்திட்டு இங்க எப்டி உக்கார்றதுன்னுதான் போனேன்."

"அங்க அஞ்சு பேருப்பா. இங்க ரெண்டே பேரு" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே கஷ்டமாகிவிட்டது. ஜூஸ் கொண்டுவந்தார்கள், அப்பா வேண்டாம் என்றார். ஒருதடவைகூட எழுந்திருக்கவில்லை, காலை நீட்டவில்லை. எண்பது வருஷத்தில் அப்பா அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டோகிராபரைக் கூப்பிட்டார். "தம்பி, என்னையும் இந்த நாற்காலியையும் ஒன்னு எடுத்துடுப்பா" என்றார்.

"அம்மா வந்துடட்டும் சார்."

"வந்தப்பறம் வேற எடுக்கலாம். இது தனியா வேணும்."

பதினொன்றேகாலுக்கு அம்மா வந்தாள். பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்ததை வாசலில்தான் இறக்கிவிட்டாள். காலெல்லாம் செம்மண். பாய் பின்னாலேயே வந்து, "அண்ணி பின்னிட்டாங்கணா" என்றார். அம்மா யாரையும் பார்க்காமல் நேராக மேடை ஏறினாள். தன் நாற்காலியிலிருந்த மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காத்து எப்டி இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார்.

"மேக்கால இருந்து. மொத பந்து நெட்டுல வுழுந்துடுச்சு. ரெண்டாவது போச்சு."

"எந்தப் பக்கம் நின்ன?"

"இது என்னா கேள்வி. காத்துக்கு எதுர்லதான்" என்றாள்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். போட்டோகிராபர் அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். இரண்டு நாற்காலி, இரண்டு பேர், இரண்டு மாலை. இரண்டு பேருக்கும் வாய் திறந்திருக்கிறது, அம்மாவின் பொய்ப்பல் வரிசை மொத்தமும் தெரிகிறது. போதும் சார் என்று போட்டோகிராபர் சொன்ன பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மாதான், "எழுந்திருங்க, பசிக்குது" என்றாள். எழுந்தவர் முதல் வேலையாகப் பந்திக்கு ஓடினார். நாங்கள் போவதற்குள் பக்கத்து இலையில் துண்டு போட்டிருந்தார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். எண்பத்திரண்டு வரை மட்டை பிடித்தார். பிறகு கிரவுண்டு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாயிண்ட் எழுதினார். வீட்டில் டிவி முன்னால் சோபாவில் உட்கார்ந்தால், பேரப்பிள்ளைகள் இடத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று பக்கத்தில் துண்டைப் போட்டு வைத்திருப்பார். அம்மா வந்தால்தான் துண்டை எடுப்பார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை விட்டார்கள். அம்மா காபி போட உள்ளே போனாள். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது அப்பா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், தூங்குகிறவர் மாதிரி. கூப்பிட்டுப் பார்த்தாள். பக்கத்தில் துண்டு இருந்தது. அம்மா எங்களுக்குப் போன் செய்துவிட்டு, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

காரியத்துக்கு ஒரு படம் பெரிதாக்கி மாலை போட வேண்டும். எண்பதாம் கல்யாணப் படத்தைத்தான் நான் எடுத்தேன். அப்பாவை மட்டும் தனியாக வெட்டி எடுத்துத் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். அம்மாவிடம் கேட்டேன்.

"அதுல கை வெக்காத. அது எனக்கு வேணும்" என்றாள். எழுந்து போய் பீரோவைத் திறந்து ஆல்பத்தை எடுத்து வந்தாள். முதல் பக்கத்திலிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். "இத பெருசு பண்ணி மாட்டு."

"இதுல அப்பா இல்லையேம்மா."

"அதான் மாலை இருக்குதே" என்றாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "இத்தினி வருஷமா இதப் பாத்துப் பாத்துத் திட்டியிருக்கேன். எழுந்து போனதத்தான் பாத்தேன். எனக்குப் பக்கத்துல எடம் போட்டு வெச்சிட்டுப் போனதப் பாக்கல."

படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

உயிரோடு இருக்கிறவள் படத்தைப் போய் இப்படி மாட்டலாமா என்று அந்தப் பெரியம்மா கேட்டாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது வேங்கிக்கால் வீட்டு ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே அந்தப் படம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, அப்பா எங்கே என்று கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை பூ வாங்கும்போது மாலைக்கும் கை நீட்டிவிட்டு, பிறகு இழுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்துக்கு நாங்கள் தனியாக மாலை போடுவதில்லை. அப்பாவே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.